டெர்மினலை மூடினால் டைட்டில் பார் போகிறது: ஓபன்பாக்ஸை தீமோடு லாகினிலேயே கொண்டுவருவது எப்படி?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிக்கொள்கிறேன். எக்ஸ்எஃப்சிஇ என்ற லினக்ஸ் டெஸ்க்டாப்பில் ஓபன்பாக்ஸ் என்ற விண்டோ மேனேஜரை, அதாவது விண்டோக்களுக்குச் சட்டமும் டைட்டில் பாரும் போட்டு நிர்வகிக்கும் நிரலை நிறுவி, பிடித்த தீம் ஒன்றையும் இறக்கி வைத்திருக்கிறீர்கள். டெர்மினலில் ‘ஓபன்பாக்ஸ் --ரீப்ளேஸ்’ என்று அடித்தால் எல்லா விண்டோவும் புதுத் தோற்றத்துக்கு மாறுகிறது. அந்த டெர்மினலை மூடினால் டைட்டில் பார் மொத்தமும் காணாமல் போகிறது. அதே வரியை, லாகின் ஆனதும் தானாக ஓடும் ஆட்டோஸ்டார்ட் பட்டியலில் சேர்த்தீர்கள். சில நாள் வருகிறது, சில நாள் பழைய தோற்றமே நிற்கிறது. ஒவ்வொரு முறையும் லாகின் ஆனதும் தானாக, தீமோடு வர வேண்டும். இதற்குள் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. இந்த டெஸ்க்டாப்புக்கு விண்டோ மேனேஜர் யார் என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்பது ஒன்று. தீம் எங்கே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது என்பது இன்னொன்று. இரண்டையும் ஒரே கட்டளையால் சாதிக்கப் பார்ப்பதால்தான் சிக்கல்.

15 வருடமாக லினக்ஸ் டெஸ்க்டாப்களை மற்றவர்களுக்கு அமைத்துக் கொடுத்து வருகிறேன். இதே கேள்வி பல உருவத்தில் என்னிடம் வந்திருக்கிறது. ‘லாகினுக்குப் பிறகு ஸ்கிரிப்ட் ஓட்டு’, ‘ஐந்து நொடி காத்திருந்து ஓட்டு’ என்ற பதில்கள்தான் அதிகம் கிடைக்கும். என் கருத்து வேறு. ஏற்கெனவே ஒரு விண்டோ மேனேஜர் உட்கார்ந்த பிறகு அதை எழுப்பிவிட்டு இன்னொன்றை உட்கார வைப்பது சோதனைக்குச் சரி, அன்றாடப் பயன்பாட்டுக்குச் சரியில்லை. செஷன், அதாவது லாகின் முதல் லாக்அவுட் வரையிலான அமர்வு, தொடங்கும்போதே ‘இவர்தான் விண்டோ மேனேஜர்’ என்று சொல்லிவிட வேண்டும்.

ஏன் என்று புரிய, டெர்மினலில் நீங்கள் அந்த வரியை அடிக்கும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். திரையில் வரைவதைக் கவனிக்கும் எக்ஸ் சர்வர் (எக்ஸ்11) என்ற நிரல், திரையின் அடிப்படை விண்டோவில் மற்ற விண்டோக்களை எங்கே வைப்பது, எவ்வளவு பெரிதாக வைப்பது என்று முடிவு செய்யும் உரிமையை ஒரு நேரத்தில் ஒரே ஒரு நிரலுக்குத்தான் கொடுக்கும். இரண்டாவதாக ஒருவர் கேட்டால் மறுத்துவிடும். ‘--ரீப்ளேஸ்’ இல்லாமல் வெறுமனே ஓபன்பாக்ஸ் என்று அடித்துப் பாருங்கள், திரை 0-வில் ஏற்கெனவே ஒரு விண்டோ மேனேஜர் ஓடுகிறது என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். ‘--ரீப்ளேஸ்’ சேர்த்தால், இருக்கிறவரிடம் ‘இடத்தைக் கொடுங்கள்’ என்ற கோரிக்கை போகிறது. எக்ஸ்எஃப்சிஇயின் சொந்த விண்டோ மேனேஜரான எக்ஸ்எஃப்டபிள்யூஎம்4 ஒதுங்குகிறது. அது விண்டோக்களைச் சுற்றிப் போட்டிருந்த சட்டங்கள் கழற்றப்பட்டு, ஓபன்பாக்ஸின் சட்டங்கள் மாட்டப்படுகின்றன. அந்த நொடியில் எல்லா விண்டோவும் ஒருமுறை துள்ளுவதைக் கவனித்திருப்பீர்கள். அந்தத் துள்ளல் இந்தக் கைமாற்றம்தான்.

டெர்மினலை மூடும்போது நடப்பதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. டெர்மினல் மூடுகிறபோது அதற்குள்ளிருந்து தொடங்கிய நிரல்களுக்கு ‘ஹேங்அப்’ சிக்னல் போகும். ஓபன்பாக்ஸ் அதைக் கேட்டு முறைப்படி வெளியேறிவிடுகிறது. சட்டம் மாட்டியவர் போனால் சட்டமும் போகும், விண்டோக்கள் மட்டும் மொட்டையாக நிற்கும். தீமில் குறையில்லை, நிறுவியதிலும் குறையில்லை.

ஆட்டோஸ்டார்ட் ஏன் சில நாள் மட்டும் வேலை செய்கிறது என்பதில் அவ்வளவு உறுதியாகப் பேச மாட்டேன். உங்கள் கணினியைப் பார்க்காமல் இரண்டு காரணங்களில் எது என்று பிரிக்க முடியாது, ஆனால் நீங்களே சோதித்துவிடலாம். முதல் காரணம், சேமித்த செஷன். லாக்அவுட் பெட்டியில் ‘அடுத்த லாகினுக்காக செஷனைச் சேமி’ என்று ஒரு டிக் இருக்கிறதே, அது போட்டிருந்தால், அன்றைக்கு ஓடிக்கொண்டிருந்த நிரல்களின் பட்டியல் ஹோம் ஃபோல்டருக்குள் டாட் கேஷ் (பெயர் புள்ளியில் தொடங்கும் மறைந்த ஃபோல்டர்), அதற்குள் செஷன்ஸ் என்ற இடத்தில் பதிவாகிவிடும். மறுநாள் அந்தப் பட்டியலே திரும்ப வரும். எக்ஸ்எஃப்டபிள்யூஎம்4 ஓடிய அன்று சேமித்திருந்தால் அதுதான் வரும். இரண்டாவது காரணம், எக்ஸ்எஃப்சிஇயின் செஷன் மேனேஜர் தன் விண்டோ மேனேஜரைக் கவனித்துக்கொண்டே இருக்கிறது. அது விழுந்தால் உடனே எழுப்பு என்பது அதற்குக் கொடுக்கப்பட்டிருக்கும் உத்தரவு. ‘செஷன் அண்ட் ஸ்டார்ட்அப்’ அமைப்பில் ‘கரன்ட் செஷன்’ பக்கத்தைத் திறந்தால், எக்ஸ்எஃப்டபிள்யூஎம்4-க்கு எதிரே ‘இமீடியட்லி’ என்று இருப்பது இதைத்தான் சொல்கிறது. நீங்கள் ஓபன்பாக்ஸை உட்கார வைக்கிறீர்கள், செஷன் மேனேஜர் பழையவரை எழுப்பப் பார்க்கிறது. யார் முந்துகிறார்கள் என்பது அன்றைக்கு டிஸ்க் எவ்வளவு வேகமாகப் படித்தது என்பதைப் பொறுத்தது. டாட் கேஷுக்குள் செஷன்ஸ் ஃபோல்டரில் எக்ஸ்எஃப்சிஇ4-செஷன் என்று தொடங்கும் கோப்பு இருந்தால் முதல் காரணத்தைச் சந்தேகியுங்கள். அந்த ஃபோல்டர் காலியாக இருந்தும் பிரச்சினை தொடர்ந்தால் இரண்டாவது.

இதனால்தான் ‘ஸ்லீப் 5’ போட்டு ஓட்டும் யோசனையை நான் யாருக்கும் சொல்வதில்லை. ஐந்து நொடி உங்கள் கணினிக்கு இன்று போதும். அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு காலையில் போதாது. போதும் என்றே வைத்துக்கொண்டாலும், தினமும் லாகின் ஆனதும் பழைய தோற்றம் வந்து, திறந்த விண்டோக்கள் துள்ளி, பிறகு புதியது வருவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

சரி, செய்ய வேண்டியதுக்கு வருவோம். எல்லாப் பெயர்களையும் ஒலிப்பில் தமிழில் எழுதுகிறேன், டெர்மினலில் அவற்றுக்குரிய ஆங்கில எழுத்தில் அடியுங்கள். சேமித்த செஷன் எதுவும் இல்லாதபோது எதையெதை எழுப்ப வேண்டும் என்ற பட்டியலை எக்ஸ்எஃப்சிஇ ‘ஃபெயில்சேஃப்’ என்ற பெயரில் வைத்திருக்கிறது. அதில் முதல் ஆள், அதாவது ‘கிளையன்ட்0’, விண்டோ மேனேஜர். அதன் கமாண்டை மாற்றினால் வேலை முடிந்தது. மாற்றும் கருவி எக்ஸ்எஃப்கான்ஃப்-கொயரி. ‘-சி’ என்பதற்குப் பின் சேனல் பெயர், எக்ஸ்எஃப்சிஇ4-செஷன். ‘-பி’ என்பதற்குப் பின் பாதை: /செஷன்ஸ்/ஃபெயில்சேஃப்/கிளையன்ட்0_கமாண்ட். இந்தப் பாதையில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து முக்கியம்: ஃபெயில்சேஃப், கிளையன்ட், கமாண்ட் மூன்றும் பெரிய எழுத்தில் தொடங்கும், செஷன்ஸ் மட்டும் சின்ன எழுத்து. இந்த அளவோடு நிறுத்தி ஓட்டினால் இப்போதைய மதிப்பைக் காட்டும். எக்ஸ்எஃப்டபிள்யூஎம்4 என்று வந்தால் சரியான இடத்தில்தான் நிற்கிறீர்கள். பிறகு அதே வரியின் கடைசியில் ‘-ஏ -டி ஸ்ட்ரிங் -எஸ் ஓபன்பாக்ஸ்’ சேர்த்து ஓட்டுங்கள். அந்த ‘-ஏ’யை விட்டுவிடாதீர்கள். செஷன் மேனேஜர் இந்த இடத்தில் ஒரு பட்டியலை எதிர்பார்க்கிறது. ஒரே ஒரு சொல் இருந்தாலும் அது ஒரு சொல் கொண்ட பட்டியலாக இருக்க வேண்டும், அதைச் செய்வது ‘-ஏ’. அது இல்லாவிட்டால் வெறும் சொல்லாகப் பதிந்து, அடுத்த லாகினில் விண்டோ மேனேஜரே இல்லாத டெஸ்க்டாப்பைப் பார்ப்பீர்கள். இங்கே ‘--ரீப்ளேஸ்’ தேவையில்லை என்பதையும் கவனியுங்கள். முதலில் வருகிறவர் யாரையும் எழுப்பிவிட வேண்டியதில்லை.

அடுத்து, ஆட்டோஸ்டார்ட்டில் போட்ட பழைய வரியை எடுத்துவிடுங்கள். ‘செஷன் அண்ட் ஸ்டார்ட்அப்’ அமைப்பில் சேமித்த செஷன்களை அழிக்கும் பட்டன் இருக்கும், அதை அழுத்துங்கள். ‘லாக்அவுட்டின்போது தானாகச் சேமி’ என்பதையும், லாக்அவுட் பெட்டியில் இருக்கும் டிக்கையும் எடுத்துவிட்டு வெளியேறித் திரும்ப வாருங்கள். இந்தப் படியை விட்டவர்கள்தான் ‘நீங்கள் சொன்னபடி செய்தேன், ஒன்றும் மாறவில்லை’ என்று திரும்பி வருவார்கள். ஒரு கணினிக் கூடத்தில் 20-க்கும் மேற்பட்ட கணினிகளுக்கு இதையே செய்துகொண்டிருந்தபோது, மூன்று மட்டும் பிடிவாதமாகப் பழைய தோற்றத்திலேயே வந்தன. அரை நாள் தீம் ஃபோல்டர்களையே புரட்டிக்கொண்டிருந்தேன். மூன்றிலும் யாரோ எப்போதோ சேமித்து வைத்த செஷன் இருந்தது. அன்றிலிருந்து நான் முதலில் பார்க்கும் இடம் அதுதான்.

இன்னொரு எச்சரிக்கை. இந்த அமைப்புகள் கடைசியில் டாட் கான்ஃபிக் ஃபோல்டருக்குள் ஒரு எக்ஸ்எம்எல் கோப்பில்தான் உட்காருகின்றன. லாகின் ஆகியிருக்கும்போது அந்தக் கோப்பை எடிட்டரில் நேரடியாகத் திருத்தாதீர்கள். எக்ஸ்எஃப்கான்ஃப் சேவை எல்லா மதிப்பையும் நினைவில் வைத்துக்கொண்டு ஓடுகிறது, நீங்கள் எழுதியதன் மேல் தன்னிடம் இருப்பதை எழுதிவிடும்.

எல்லாம் முடிந்து உள்ளே வந்ததும் கண்ணை மட்டும் நம்பாமல், டபிள்யூஎம்சிடிஆர்எல் என்ற சிறு கருவியை நிறுவி ‘-எம்’ போட்டு ஓட்டுங்கள். முதல் வரியிலேயே இப்போது பொறுப்பில் இருக்கும் விண்டோ மேனேஜரின் பெயர் வரும். ஓபன்பாக்ஸ் என்று வந்தும் தோற்றம் பழையது என்றால், கேள்வி தீம் பக்கம் போய்விட்டது என்று அர்த்தம்.

தீமுக்கு லாகினில் தனியாக எதையும் ஓட்ட வேண்டியதில்லை. ஓபன்பாக்ஸ் தொடங்கும்போது டாட் கான்ஃபிக்கில் ஓபன்பாக்ஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஆர்சி.எக்ஸ்எம்எல் கோப்பைப் படிக்கிறது, அதற்குள் தீம் என்ற பகுதியில் நேம் என்ற இடத்தில் இருக்கும் பெயரைத் தேடிப் போகிறது. ஓபிகான்ஃப் என்ற அமைப்புக் கருவியில் ஒருமுறை தேர்ந்தெடுத்தால் அந்தப் பெயரை அதுவே எழுதிவிடும். கையால் மாற்றினால் ‘ஓபன்பாக்ஸ் --ரீகான்ஃபிகர்’ என்று அடித்தால் போதும், வெளியேறித் திரும்ப வர வேண்டாம். தேடும் இடம், ஹோம் ஃபோல்டரில் டாட் தீம்ஸ், அதற்குள் தீம் பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குள் ஓபன்பாக்ஸ்-3 என்ற ஃபோல்டர், அதற்குள் தீம்ஆர்சி என்ற கோப்பு. இந்த வரிசை ஒரு படி தவறினாலும் தீம் கிடைக்காது, சொல்லாமல் இயல்பான தோற்றத்துக்குப் போய்விடும். ஜிப்பைப் பிரிக்கும்போது ஒரே பெயரில் ஃபோல்டருக்குள் ஃபோல்டர் உருவாகிவிடுவது நான் அடிக்கடி பார்க்கும் தவறு. அப்புறம், ஜிடிகே (நிரல்களுக்குள் பட்டன், மெனு போன்றவற்றை வரையும் கருவித்தொகுப்பு) தீம் என்று இறக்கிய எல்லாவற்றிலும் ஓபன்பாக்ஸ்-3 ஃபோல்டர் இருக்காது. அது இல்லாதது ஓபிகான்ஃப் பட்டியலில் வராது.

அந்த ஃபோல்டரை ஒருமுறை திறந்து பாருங்கள், தீம் என்றால் என்ன என்பது அங்கேயே விளங்கும். தீம்ஆர்சி வெறும் எழுத்துக் கோப்பு. செயலில் இருக்கும் விண்டோவின் டைட்டில் பாருக்கு எந்த நிறம், மேலிருந்து கீழே நிறம் கரைய வேண்டுமா, ஓரக்கோடு எத்தனை பிக்சல் என்று வரிவரியாக இருக்கும். பக்கத்தில் மூடும் பட்டன், பெரிதாக்கும் பட்டன் என்று சின்னச் சின்ன எக்ஸ்-பிட்மேப் (எக்ஸ்பிஎம்) படங்கள். அவை ஒரு பிட் படங்கள், ஒவ்வொரு புள்ளியும் உண்டு அல்லது இல்லை, அவ்வளவுதான். அதற்கு மேல் நிறம் பூசுவது தீம்ஆர்சியில் இருக்கும் வரி. ஓபன்பாக்ஸ் பட்டன்களில் பல வண்ணப் பளபளப்பு வராமல், ஒரே நிறக் கோட்டுருவமாக இருப்பது இதனால்தான். எக்ஸ்எஃப்டபிள்யூஎம்4 தீமிலோ டைட்டில் பார் ஐந்து துண்டுப் படங்களாக வெட்டப்பட்டிருக்கும். அதனால் அதற்காகச் செய்த தீமை ஓபன்பாக்ஸில் போட முடியாது, மறுபக்கமும் அப்படியே.

தோற்றத்தில் இன்னொரு எல்லையும் உண்டு. தன் டைட்டில் பாரைத் தானே வரைந்துகொள்ளும் நிரல்கள் இப்போது நிறைய. ஜிடிகே3, ஜிடிகே4-இல் செய்த பல நிரல்களில் மேல்பட்டையிலேயே பட்டன்கள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றின் மேல் எந்த விண்டோ மேனேஜர் தீமும் செல்லாது, அங்கே ஜிடிகே தீம்தான் பேசும். ஃபயர்ஃபாக்ஸிலும் குரோமிலும் கணினியின் டைட்டில் பாரையே பயன்படுத்தச் சொல்லும் அமைப்பு இருக்கிறது, அதைப் போட்டால் உங்கள் தீம் வரும். எனவே எல்லா விண்டோவும் ஒரே மாதிரி வரவில்லை என்றால் அமைப்பில் தவறு என்று நினைக்க வேண்டாம்.

மாறிய பிறகு சில பழக்கங்கள் மாறும். எக்ஸ்எஃப்டபிள்யூஎம்4-க்குள் நிழல், ஒளிபுகு விளைவுகளுக்கான கம்போசிட்டர் கூடவே வருகிறது, ஓபன்பாக்ஸில் இல்லை. அவை வேண்டும் என்றால் பிகாம் போன்ற ஒன்றைச் சேர்க்க வேண்டும், அதை ஆட்டோஸ்டார்ட்டில் போடுவதில் தவறில்லை, அது யார் இடத்தையும் பிடிப்பதில்லை. விண்டோவை மூட, நகர்த்த, டெஸ்க்டாப் மாற என்று வைத்திருந்த கீபோர்ட் குறுக்குவழிகள் இனி ஆர்சி.எக்ஸ்எம்எல்லில் இருந்து வரும். நிரல்களைத் திறக்கும் குறுக்குவழிகள் எக்ஸ்எஃப்சிஇயின் அமைப்புச் சேவையிடம் இருப்பதால் அப்படியே இருக்கும்.

வேறு டெஸ்க்டாப்பில் இருப்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் சுருக்கமாக. மாட்டேயில் ஆர்க்.மாட்டே.செஷன்.ரெக்வயர்ட்-காம்பொனன்ட்ஸ் என்ற இடத்தில் விண்டோமேனேஜர் என்ற மதிப்பு, இயல்பாக மார்க்கோ என்றிருக்கும். எல்எக்ஸ்க்யூடியில் செஷன் அமைப்பிலேயே தேர்வுப் பெட்டி இருக்கிறது. க்னோமில் 2011-இல் வந்த மூன்றாம் பதிப்பிலிருந்து விண்டோ மேனேஜர் க்னோம் ஷெல்லோடு ஒன்றாகிவிட்டது, மாற்ற முடியாது. ஸ்டார்ட்எக்ஸ் அடித்து நுழைகிறவர்கள் எக்ஸ்இனிட்ஆர்சி கோப்பின் கடைசி வரியில் எழுதலாம், ஆனால் லாகின் திரை வழியாக வருகிறவர்களுக்கு அந்தக் கோப்பு பொதுவாகப் படிக்கப்படுவதே இல்லை. காம்பிஸோடு எமரால்ட் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு வேறுபாடு: அங்கே விண்டோவை நிர்வகிப்பது காம்பிஸ், சட்டம் வரைவது எமரால்ட் என்ற தனி நிரல். விண்டோ மேனேஜர் இடத்தில் காம்பிஸ் பெயரையும், காம்பிஸின் ‘விண்டோ டெகரேஷன்’ செருகலில் கமாண்ட் பெட்டியில் எமரால்டையும் எழுத வேண்டும். எமரால்டை விண்டோ மேனேஜர் இடத்தில் போட்டுவிட்டு, விண்டோ நகரவில்லை என்று தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இவ்வளவும் எக்ஸ்11 செஷனுக்கு மட்டும்தான். டெர்மினலில் எக்ஸ்டிஜி_செஷன்_டைப் என்ற சூழல் மாறியின் மதிப்பைப் பாருங்கள். எக்ஸ்11-க்கு மாற்றான வேலேண்ட் என்று வந்தால் மேலே சொன்ன கைமாற்றமே அங்கே கிடையாது, திரையை வரைகிறவரும் விண்டோவை நிர்வகிக்கிறவரும் ஒரே நிரல். உங்களுக்கு ‘--ரீப்ளேஸ்’ வேலை செய்கிறது என்பதால் நீங்கள் எக்ஸ்11-இல்தான் இருக்கிறீர்கள். 2024 டிசம்பரில் வந்த எக்ஸ்எஃப்சிஇ 4.20 வேலேண்டைச் சோதனை நிலையில் ஆதரிக்கிறது, லேப்டபிள்யூசி என்ற நிரலோடு சேர்ந்து ஓடும். அது ஓபன்பாக்ஸின் வழியில் எழுதப்பட்டது, ஓபன்பாக்ஸ் தீம்களைப் படிக்கும். எனவே இப்போது தீமுக்காகச் செலவிடும் நேரம் பின்னால் வீணாகாது.

மாற்றிய பிறகு லாகின் ஆனதும் விண்டோக்கள் மொட்டையாக வந்து, எதையும் பிடித்து நகர்த்த முடியாமல் போனால் பதற வேண்டாம். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எழுத்துத் திரை வரும். உங்கள் பெயரில் நுழைந்து, அதே எக்ஸ்எஃப்கான்ஃப்-கொயரி வழியில் போகாமல், முதலில் வரைகலை செஷனை முடித்துவிட்டு (லாகின் திரையைக் காட்டும் நிரல் லைட்டிஎம் என்றால் அந்தச் சேவையை மறுதொடக்கம் செய்தால் போதும்), டாட் கான்ஃபிக், எக்ஸ்எஃப்சிஇ4, எக்ஸ்எஃப்கான்ஃப், எக்ஸ்எஃப்சிஇ-பெர்சேனல்-எக்ஸ்எம்எல் என்று உள்ளே போய் எக்ஸ்எஃப்சிஇ4-செஷன்.எக்ஸ்எம்எல் கோப்பின் பெயரை மட்டும் மாற்றி வையுங்கள். அடுத்த லாகினில் எக்ஸ்எஃப்டபிள்யூஎம்4 தானாகத் திரும்பிவிடும். பெரும்பாலும் ‘-ஏ’ விடுபட்டதோ, எழுத்துப் பிழையோதான் காரணமாக இருக்கும். அப்படியும் பிடிபடாவிட்டால், டபிள்யூஎம்சிடிஆர்எல் காட்டும் முதல் வரியையும், ஹோம் ஃபோல்டரில் இருக்கும் டாட் எக்ஸ்செஷன்-எரர்ஸ் கோப்பின் கடைசி இருபது வரிகளையும் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.